பொம்மைக்கு இருக்கை, பிள்ளைக்கு மடியா?

கார் வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்துவிட்டது: "எத்தனை ஸ்டார்?" 2018-இல் டாடா நெக்ஸான், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகு இந்தப் பேச்சு சூடு பிடித்தது. 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்று நாட்டுக்கே சொந்தமான மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களுக்கு இத்தனை, குழந்தைகளுக்கு இத்தனை என்று நட்சத்திரங்கள் தனித்தனியாக அச்சிடப்படுகின்றன. கைக்குழந்தை உள்ள வீடுகளில் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து மனம் நிறைகிறார்கள்.

அந்த நட்சத்திரத்தை வாங்கிக் கொடுத்தது யார் என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சோதனைக் காரில் இரண்டு குழந்தைப் பொம்மைகளை ஏற்றுகிறார்கள். ஒன்று ஒன்றரை வயதுப் பிள்ளையின் உருவமும் எடையும் கொண்டது. மற்றது மூன்று வயதுப் பிள்ளை. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கார் தடுப்பில் மோதுகிறது. பொம்மைகள் யார் மடியிலும் இல்லை. பின்சீட்டில், காரோடு பிணைத்த குழந்தை இருக்கையில், வார் போட்டு இறுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அண்மையில் நல்ல மதிப்பெண் எடுத்த பல கார்களில் இரண்டு பொம்மைகளுமே காரின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. மூன்று வயதுப் பொம்மையும்தான்.

அதே மாடல் கார் வீட்டுக்கு வருகிறது. கோயில் வாசலில் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிறது. குலதெய்வத்துக்கு முடியிறக்கப் போகும் முதல் நெடும்பயணத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது? முன்சீட்டில் அம்மா மடியில். கொஞ்சம் வளர்ந்ததென்றால் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஏசி பொத்தானை அமுக்கிக்கொண்டு. சன்ரூஃப் இருந்தால் தலை வெளியே. இன்னும் செல்லமென்றால் அப்பா மடியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி; அதை யாராவது வீடியோவும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பொம்மை வாங்கிய நட்சத்திரத்தில் ஒன்றுகூட இந்தப் பிள்ளைக்குச் சேராது.

மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா என்ற கேள்வி தமிழ் வீடுகளில் கொஞ்சம் அபசாரமாகவே ஒலிக்கும். ஆனால் கணக்கு இரக்கம் பார்ப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது முட்டி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அந்த வேகம் பத்தில் ஒரு விநாடியில் அடங்குவதாக வைத்துக்கொண்டால், 10 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தாங்கும் பிடி வேண்டும். ஏறக்குறைய மூன்று சிமென்ட் மூட்டை. எந்தத் தாயின் கையாலும் அது முடியாது. பிள்ளை கையை விட்டுப் போவதோடும் நிற்பதில்லை. பெல்ட் போடாத அம்மாவின் முழு எடையும் பின்னாலேயே வந்து பிள்ளையை டாஷ்போர்டோடு சேர்த்து நசுக்கும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டால், பெல்ட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பிள்ளை சிக்கும். ஏர்பேக் இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வழியில்லை. கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும் அந்தப் பை, வளர்ந்த ஆளின் மார்பைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. கைக்குழந்தையின் தலையை அல்ல.

அமெரிக்காவும் இந்த மடி மயக்கத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது. டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோ ஊரில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் விடாமல் போராடியதில், காரில் குழந்தை இருக்கை கட்டாயம் என்ற சட்டம் அந்த நாட்டிலேயே முதன்முதலாக அங்கே வந்தது. 1978 ஜனவரியில் அமலானது. ஆனால் சட்டமன்றத்தில் ஒரு விலக்கைச் செருகிவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் குழந்தையை வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சாண்டர்ஸ் அதைக் 'குழந்தை நசுக்கும் திருத்தம்' என்றே அழைத்தார். அந்த விலக்கை நீக்க 1981 வரை ஆயிற்று.

இருக்கை வேண்டும் என்பது ஒரு பாதி. அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மறு பாதி. இங்கே கதை சுவீடனுக்குப் போகிறது.

கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், 1960களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் அமெரிக்காவின் ஜெமினி விண்கலம் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். கலம் சீறிக் கிளம்பும்போது வீரர்கள் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். உந்துவிசை முதுகு முழுவதும் பரவுகிறது. உடம்பின் எந்த ஓர் இடமும் தனியாக அடி வாங்குவதில்லை. கார் முன்பக்கம் மோதும்போது குழந்தைக்கும் இதையே செய்தால் என்ன? 1964-இல் அவர் வடிவமைத்த மாதிரி இருக்கை வால்வோ பிவி 544 காரில் சோதிக்கப்பட்டது. பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை 1972-இல் வால்வோ விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சுவீடன் பெற்றோருக்கு இது பெரிய விஷயமே இல்லை. நாலு வயது வரை, முடிந்தால் அதற்கு மேலும், பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரும். அங்கே 'பிளஸ்' என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. மோதலின்போது குழந்தையின் கழுத்தை எவ்வளவு விசை இழுக்கிறது என்று அளப்பதுதான் அதன் வேலை. முன்பக்கம் பார்த்த இருக்கை எதுவும் அதில் தேறியதில்லை.

ராக்கெட் வேண்டாம், டவுன் பஸ்ஸே போதும் இதைப் புரிந்துகொள்ள. டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால், கம்பியைப் பிடித்து முன்பக்கம் பார்த்து நிற்பவர் அடுத்தவர் மேல் போய் விழுகிறார். டிரைவருக்குப் பின்னால் உள்ள தடுப்பில் முதுகைச் சாய்த்துப் பயணிகளைப் பார்த்து நிற்பவர் தடுப்போடு கொஞ்சம் அழுந்துகிறார், அவ்வளவுதான். பின்னோக்கிய இருக்கை அந்தத் தடுப்பின் வேலையைச் செய்கிறது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கையின் ஓட்டுக்குள் அழுந்துகின்றன. முன்பக்கம் பார்த்த இருக்கையில் வார் தோளைப் பிடித்து நிறுத்திவிடும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. தலை முன்னே பாய, அதன் முழு இழுப்பையும் கழுத்து ஒன்றே தாங்க வேண்டும்.

வளர்ந்தவர் கழுத்து பெரும்பாலும் தாங்கிவிடும். பிள்ளையின் கழுத்து வேறு சரக்கு. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டும் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று. அந்தப் பெரிய தலையைச் சுமக்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழு எலும்பாகவே ஆகவில்லை. ஒவ்வொன்றும் குருத்தெலும்பால் ஒட்டிய துண்டுகள். அவை இறுகி ஒன்றாவது மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில். பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் 5 சென்டிமீட்டர் வரைகூட இழுபடும் என்கிறது மருத்துவம். உள்ளே ஓடும் தண்டுவடம் அரை சென்டிமீட்டர் சொச்சம் இழுபட்டாலே அறுந்துவிடும். 'தலை நின்றுவிட்டது' என்று மூன்று, நாலு மாதத்தில் வீட்டில் மகிழ்கிறோம். அது தசை பலப்பட்டதைச் சொல்கிறது. எலும்பு தன் வேகத்தில்தான் முற்றும். பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, பேசுகிறது என்பதற்காக அது அவசரப்படாது.

இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வீசுவது வழக்கம். பின்பக்கம் பார்த்த இருக்கை 'ஐந்து மடங்கு பாதுகாப்பு' என்று உலகெங்கும் பேசப்பட்டது. இந்திய விற்பனையாளர்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். 2007-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதற்கு ஆதாரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-இல், இரண்டு வயது வரையாவது பின்பக்கம் பார்த்தே உட்கார வையுங்கள் என்று பரிந்துரைத்தபோது அந்த ஆய்வையும் கணக்கில் கொண்டது. பிறகு அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டவர்களுக்கு அந்த விடை வரவில்லை. மாதிரியில் இருந்த விபத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளியியல் எடை கொடுத்துக் கணக்கிட்ட முறையில் கோளாறு இருந்தது. ஆய்விதழ் 2018-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே 'ஐந்து மடங்கு' என்பதை இனி யாரும் சொல்லக் கூடாது. விற்பவரும் சரி, எழுதுபவரும் சரி.

அப்படியானால் முன்பக்கம் திருப்பிவிடலாமா? அகாடமி அதே 2018-இல் தன் பரிந்துரையைத் திருத்தியது. இரண்டு வயது என்ற எல்லையை எடுத்துவிட்டு, இருக்கை எந்த எடை, எந்த உயரம் வரை அனுமதிக்கிறதோ அந்தக் கடைசி அளவு வரை பின்பக்கம் பார்த்தே வையுங்கள் என்றது. மறுகணக்கு சொன்னது, இரண்டும் ஒன்றுதான் என்பதல்ல. சரியான இருக்கையில் சரியாகக் கட்டப்பட்ட குழந்தைகள், எந்தப் பக்கம் பார்த்தாலும், பலத்த காயம் அடைவது மிக அரிது. எவ்வளவு வித்தியாசம் என்று அறுதியிட்டுச் சொல்ல அந்தத் தரவில் அடிபட்ட குழந்தைகள் போதவில்லை. இதுவே ஒரு நற்செய்தி அல்லவா? கழுத்தெலும்பின் உண்மையும், சோதனைக் கூடத்தில் அளந்த விசையும், சுவீடனின் அரை நூற்றாண்டு அனுபவமும் அப்படியேதான் இருக்கின்றன. ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்துள்ள ஐ.நா.வின் ஆர்129 விதி, 15 மாதம் முடியும்வரை முன்பக்கம் திருப்பவே கூடாது என்கிறது.

தமிழர்களுக்கு இது தெரியாத செய்தியும் அல்ல. டொரன்டோவில் மகள் பிரசவத்துக்குப் போய்வந்த அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 9 கிலோ எடை வரும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்த இருக்கையில் இருப்பது சட்டம். சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குத் தக்க இருக்கையோ பாதுகாப்பு அமைப்போ வேண்டும். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. அங்கே பேரன் இருக்கையில் அடங்கி உட்காருவதைப் பார்த்து மெச்சிய அதே பாட்டி, திருச்சி விமான நிலையத்து வாசலில் அவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்புகிறார். சாலையோ இங்கேதான் மோசம்.

மறுப்புகள் உண்டு. எல்லாமே சாக்குப்போக்கு அல்ல.

"கால் நீட்ட இடமில்லாமல் மடங்கிக் கிடக்குமே" என்பது முதலில் வரும். சம்மணம் போட்டுச் சாப்பிடும் ஊரில் இது வரவே கூடாத கவலை. பிள்ளைகள் காலை மடக்கி, குறுக்கே போட்டு, சீட்டின் முதுகில் உதைத்து எப்படியாவது வசதி செய்துகொள்கிறார்கள். விபத்தில் கால் ஒடியும் என்று பயந்தால், முன்பக்கம் பார்த்த பிள்ளையின் கால்தான் முன்சீட்டில் போய் இடிக்கும். எப்படியும் ஒடிந்த கால் கூடிவிடும். "பின்னாலிருந்து யாராவது மோதினால்?" என்பது அடுத்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உயிரைப் பறிக்கும் மோதல்களில் பெரும்பங்கு முன்பக்கமும் பக்கவாட்டிலும் வருபவை. இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியில் போய்ச் செருகும் கார் எந்தப் பக்கமாக மோதுகிறது?

அழுகை வேறு விஷயம். அதற்கு மருந்து கிடையாது. மடியில் வளர்ந்த பிள்ளையை ஒன்றேகால் வயதில் திடீரென்று வாரில் கட்டினால் அழத்தான் செய்யும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் நாளிலிருந்தே இருக்கை பழகிய பிள்ளைக்கு மடி என்ற மாற்று இருப்பதே தெரியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முகம் காட்டிக்கொண்டு வந்தால் பாதி அழுகை அடங்கும். "பாவம், இறுக்குகிறதே" என்று வாரைத் தளர்த்துபவர்கள்தான் அதிகம். தளர்ந்த வாரில் இருக்கிற பிள்ளை பாதி மடியில் இருக்கிற பிள்ளை. தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு கையில் வரக் கூடாது, அதுதான் அளவு.

இடம்தான் உண்மையான சிக்கல். சின்ன ஹேட்ச்பேக் காரில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தை, மூத்தவள் என்று ஆறு பேர் ஏறும் வீட்டில், பின்சீட்டில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு, முன்சீட்டையும் முன்னால் தள்ளச் சொல்லும் இந்தப் பொருளுக்கு எங்கே போவது? கெடுபிடியாகச் சொன்னால், அந்தக் காரில் ஒருவர் குறைய வேண்டும். பஸ்ஸில் போகக்கூடிய பெரியவர் பஸ்ஸில் போகலாம். பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. விலையும் ஒரு சிக்கல்தான். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. ஆனால் தொட்டிலையும் நடைவண்டியையும் அக்கா பிள்ளையிடமிருந்து தங்கை பிள்ளைக்குக் கைமாற்றும் வழக்கம் இங்கே ஊறியது. விபத்தில் சிக்காத, காலாவதித் தேதி தாண்டாத இருக்கையும் அப்படிச் சுற்றி வரலாம். குழந்தை இருக்கையைக் காரோடு மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இல்லாத பழைய காரா? மூன்று முனை சீட் பெல்ட்டாலேயே கட்டக்கூடிய இருக்கைகள் கடையில் உண்டு. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஏர்பேக் செயல்படும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த இருக்கையை வைப்பது பிள்ளையை வலியக் கொண்டுபோய்ப் பீரங்கி வாயில் வைப்பது. முன்சீட்டின் வெயில் மறைப்பில் ஒட்டியுள்ள படத்துக்கு அதுதான் பொருள். அதைப் பார்த்துவிட்டு 'இந்த மாதிரி சீட்டே போடக் கூடாதாம்' என்று படித்தவர்களே தலைகீழாகப் புரிந்துகொள்வதும் நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டாலோ குழந்தைக் காப்பு இருக்கையாலோ பாதுகாக்கப்படாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சட்டத்தின் ஓட்டை அந்த 'ஆலோ'வில் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனுக்கும் பதின்மூன்று மாதக் குழந்தைக்கும் ஒரே வாக்கியம். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட் கழுத்தில்தான் குறுக்கே விழும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற பேச்சே பிரிவில் இல்லை. இரு சக்கர வாகனத்துக்கு 2022 பிப்ரவரியில் வந்த விதி இதைவிடத் தெளிவு: நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், தலைக்கவசம், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்கூட்டரில்தான் போகிறார்கள் என்பதால் அந்த விதியை நடைமுறைப்படுத்துவது தனியே எழுத வேண்டிய கதை.

2022-இல் நாட்டில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஏறக்குறைய பாதி, 8,331 பேர், ஓட்டியவர்கள் அல்லர், உடன் வந்தவர்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்ததும் அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அதன் பிறகு பின்சீட் பெல்ட் பற்றி ஊரெல்லாம் பேசியது. பின்சீட்டுப் பிள்ளை பற்றி யாரும் பேசவில்லை. அதே 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 உயிர்கள் போயின. அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்க 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கிய மாநிலம் இது. அடிபட்ட பிறகு செலவிட மனமுள்ள அரசு, அடிபடுமுன் ஒரு வார்த்தை சொல்லவும் செய்யலாம். மகப்பேறு வார்டில் வீட்டுக்கு அனுப்பும் நாளிலும், 9-ஆம் மாதத் தடுப்பூசிக்கு வரும்போதும், காரில் வருகிறவர்களிடம் செவிலியர் கேட்கலாம்: "பிள்ளை எதில் உட்கார்ந்து வந்தது?" 194பி பிரிவில் வயதையும் திசையையும் சேர்க்க டெல்லிக்குத்தான் போக வேண்டும். செவிலியர் கேள்விக்கு அது தேவையில்லை.

கார் விற்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் பட்டுத்துணி மூடி, ரிப்பன் வெட்டி, கேக் ஊட்டி, ஆளுயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன் உபரிப் பொருள் பட்டியல் ஒன்று நீட்டப்படும்: சீட் கவர், தரைவிரிப்பு, மட் ஃபிளாப், வாசனைத் திரவியம், டாஷ்போர்டுக்குப் பிள்ளையார். நட்சத்திரம் வாங்கித் தந்த அந்தக் குழந்தை இருக்கை பல இடங்களில் பட்டியலிலேயே இல்லை. இருந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. பின்சீட்டின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு ஐசோஃபிக்ஸ் வளையங்கள் எங்கே என்று காட்டி, ஒரு மாதிரி இருக்கையைப் பின்பக்கம் பார்த்து மாட்டி, 'கிளிக்' சத்தம் கேட்கிறதா என்று வாங்குபவரையே பார்க்கச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். கேக் வெட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.